பண்டல் கடைச் சட்டையும் நம் தோள் அளவும்

கூழானாலும் குளித்துக் குடி; கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் முன்னோர் கூறிச் சென்றனர். கசக்கிக் கட்டச் சொன்னவர்கள் வெட்டித் தைத்துக் கட்டுமாறு ஏன் சொல்லவில்லை என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் அணிந்தவை பெரும்பாலும் தையலற்ற ஆடைகள். வேட்டிக்கும் சேலைக்கும் தோள் இல்லை, கை இல்லை, இடுப்பளவு இல்லை. தாய் உடுத்திய சேலையை மகள் உடுத்தலாம். பருத்தவர் உடுத்தியதை மெலிந்தவர் உடுத்தலாம். கொசுவத்தில் இரண்டு மடிப்பைக் கூட்டினாலோ குறைத்தாலோ போதும். சட்டை, காற்சட்டை, பாவாடை, பஞ்சாபி உடை முதலிய தைத்த ஆடைகளின் இயல்பு வேறு. யாருக்காகத் தைக்கப்பட்டனவோ அவருடைய உடலளவைத் தம்முள் வைத்துக்கொண்டிருப்பவை அவை. வேறொருவர் அணியும்போது அந்த அளவு அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். நன்கு துவைத்துத் தேய்த்த சட்டையையும் 'இரவல் சட்டை' என்று பிறர் கண்டுகொள்வது இதனாலேயாகும்.

பிறர் அணிந்து கழித்த ஆடையை வாங்கி, அதனை நம் உடலுக்கு ஏற்பத் திருத்தி, பார்ப்பதற்கு எடுப்பாகவும் உழைப்பதற்கு வசதியாகவும் அணிவது எவ்வாறு என்பதே இத்திங்கள் நமது பாடம். தகவல் துறையினருக்கும் தையலுக்கும் என்ன தொடர்பு என வாசகர் சிலர் வினவக்கூடும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ஆடைப் பங்கீடு நடப்புக்கு வந்தது; 1949 மார்ச் வரை அது நீடித்தது. புதுத்துணி கிடைப்பது அரிதாகிவிட்ட அந்நாளில், இருப்பதைத் திருத்தி உடுத்தும் முறைகளை மக்களுக்குக் கற்பிக்க 1943ஆம் ஆண்டில் சிறு நூலொன்றை வெளியிட்டது அந்நாட்டுத் தகவல் அமைச்சே. எனவே இது நம் துறைக்குப் புதிய வேலையன்று.

அதே ஆண்டுகளில் நம் நாட்டின் நிலை இன்னும் கொடியது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பினாங்கைக் கைப்பற்றியது முதல் 1945இல் போர் முடியும்வரை, துணி என்பது பணமிருந்தாலும் கிடைக்காத பொருளாயிற்று. தோட்டப்புறங்களில் கோணிச் சாக்கை வெட்டி உடுத்தியவர்கள் உண்டு. சயாம் இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களில் சாக்குத் துணியோடு மாண்டவர்களும் உண்டு. அத்தலைமுறையைச் சேர்ந்த எம் பாட்டியார் கிழிந்த சட்டையை எறிவதற்கு முன் அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பார். அந்த டின் இன்றும் நம்மிடம் உள்ளது. இந்தக் கட்டுரைக்கு வேண்டிய பொத்தான்களும் அதிலிருந்தே எடுக்கப்பட்டன.

இன்று துணிக்குப் பஞ்சமில்லை. அளவுக்கு மீறித் துணி குவிந்திருப்பதே இக்காலத்துச் சிக்கல். ஜப்பான் நாட்டில் கழிக்கப்படும் ஆடைகள் பெருமளவில் வந்து சேரும் நாடுகளில் நம் மலேசியா முதன்மையானது. பொதி பொதியாகக் கட்டப்பட்டு வரும் அவை இங்கே தரம் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி பிற நாடுகளுக்கு மீண்டும் அனுப்பப்படுகிறது. ஒரு பகுதி நம் கடைகளுக்கு வருகிறது. பொதியாக வருவதாலேயே அவற்றை விற்கும் கடைக்குப் 'பண்டல் கடை' என்ற பெயர் நிலைத்தது. 2016ஆம் ஆண்டில் 'புக் ஆஃப்' என்னும் ஜப்பானிய நிறுவனம் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' என்ற பெயரில் நம் நாட்டிலேயே கடை திறந்து, தன் நாட்டுப் பழம்பொருள்களைக் கொண்டுவந்து விற்கத் தொடங்கியது. பினாங்குத் தீவினருக்கோ இதில் வியப்பில்லை. லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் துணி கிளறிப் பழகிய கைகள் அவர்களுடையவை.

சென்ற ஆண்டு பத்து காவானில் தாய்மார் சிலருடன் ஒரு மாலைப் பொழுது அமர்ந்து இதே பொருளைப் பற்றிப் பேசும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. செபராங் பிறையின் தென்பகுதியிலுள்ள அவ்வூரை வாசகர் பலர் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது கரும்புத் தோட்டங்களின் ஊர். செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு அன்று ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர் பலர். 1910இல் ஒழிக்கப்பட்ட அந்த முறையின் கீழ் வந்து இறங்கியவர்கள், உடுத்திய துணியோடு மாற்றுத் துணி ஒன்று வைத்திருந்தாலே பெரிது. பின்னர் அப்பகுதி ரப்பரும் தென்னையும் செம்பனையும் கண்டது. 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் பினாங்கின் இரண்டாம் பாலம் திறக்கப்பட்ட பிறகு ஊர் உருமாறிவிட்டது. தொழிற்பேட்டை எழுந்தது. பெயர் பெற்ற நிறுவனங்களின் ஆடைகளைக் கழிவு விலையில் விற்கும் பேரங்காடி 2016இல் வந்தது. லயத்தில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று குளிரூட்டிய ஆலைகளில் பணிபுரிகின்றனர். அந்தப் பேரங்காடியின் 'கழிவு விலை' என்பதும் ஒரு தாயின் இரண்டு நாள் கூலியைக் கேட்பதுண்டு என்பதை அங்கே வந்திருந்த பெண்மணி ஒருவர் நமக்கு நினைவூட்டினார்.

அவர் கெடா எல்லையை ஒட்டிய சிறு தோட்டமொன்றில் இன்றும் பால் வெட்டுபவர். எஸ்.பி.எம். தேர்வு முடித்த மகளையும் உடன் அழைத்து வந்திருந்தார். தொழிற்பேட்டை ஆலையொன்றின் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு அடுத்த திங்கட்கிழமை அப்பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு. தாயார் பண்டல் கடையில் ஐந்து வெள்ளி வீதம் இரண்டு முழுக்கைச் சட்டைகளை வாங்கி வந்திருந்தார். ஒன்று, வெள்ளையில் சாம்பல் நிறக் கோடிட்ட ஆண்கள் சட்டை. அதன் துணி மிக நேர்த்தியானது. மற்றொன்று, இளநீல நிறத்தில் சற்றுச் சிறியது, துணி சாதாரணமானது. "கோடு போட்டதைத்தான் டீச்சர் இவளுக்குச் சின்னதாக்கணும்" என்றார் தாயார். நாம் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் என்பதால் ஊரார் இன்னும் நம்மை அப்படியே அழைக்கின்றனர். மகளோ இரண்டையும் தொடவில்லை. "யார் போட்டதோ, செத்தவங்க சட்டையோ" என்று முணுமுணுத்தார்.

அப்பெண்ணை நாம் கடிந்துகொள்ளவில்லை. இத்தகைய அருவருப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் கந்தமந்தோ என்றொரு மாபெரும் பழந்துணிச் சந்தை உண்டு. 2025ஆம் ஆண்டுப் பிறப்பையொட்டி அங்கே பெருந்தீ மூண்டு ஆயிரக்கணக்கான வணிகர்கள் உடைமை இழந்தனர். அந்நாட்டு மக்கள் வெளிநாட்டுப் பழந்துணிக்கு வைத்த பெயரின் பொருள் 'இறந்துபோன வெள்ளையரின் ஆடை' என்பதாகும். இவ்வளவு நல்ல துணியை உயிரோடிருப்பவர் எவரும் கழிக்கமாட்டார் என்று அவர்கள் எண்ணினராம். அதே கந்தமந்தோவில் வரிசை வரிசையாகத் தையற்காரர்கள் அமர்ந்து, வந்த துணியைப் பிரித்து, வெட்டி, புதிய அளவில் தைத்துக்கொண்டிருப்பர். நம் தோட்டங்களிலும் துரை பங்களாவிலிருந்தும் கிராணி வீட்டிலிருந்தும் பழைய ஆடைகள் வந்ததுண்டு. அவற்றை வாங்கி அணிந்தவர்கள் கூச்சப்பட்டதும் உண்டு. கொடுத்தவர் முன்னிலையில் அவருடைய சட்டையையே அணிந்து நிற்பதில் யாருக்குத்தான் கூச்சமிராது? கடையில் விலை கொடுத்து வாங்கியதில் அக்கூச்சத்திற்கு இடமில்லை. எஞ்சுவது தூய்மையும் அளவுமே.

தூய்மையை முதலில் முடித்துவிடுவோம். வாங்கிய ஆடையைக் கத்தரி தொடுவதற்கு முன் துவைத்தல் வேண்டும். பருத்தி ஆடையாயின் கை பொறுக்காத வெந்நீரில் சவர்க்காரம் கலந்து அரைமணி நேரம் ஊறவைத்து, அலசி, நல்ல வெயிலில் புறம் மாற்றி உலர்த்துக. வெந்நீர் தாங்காத துணியை ஞெகிழிப் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் தனியே வைத்துவிட்டுப் பின் துவைக்கலாம். சிரங்குப் பூச்சி மனித உடலை விட்டுச் சில நாள்களுக்கு மேல் உயிர் வாழாது. உள்ளாடைகளைப் பழையதாக வாங்கவே வேண்டாம். துவைத்தபின் வெட்டுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பருத்தி சுருங்கும். நாம் ஒருமுறை பொறுமையின்றி, வாங்கிய அன்றே ஒரு காற்சட்டையின் நீளத்தை வெட்டித் தைத்துவிட்டோம். முதல் துவைப்பிலேயே அது கணுக்காலுக்கு இரண்டங்குலம் மேலே ஏறிக்கொண்டது. அப்பிழை முற்றிலும் நம்முடையதே.

துணி பருத்தியா செயற்கை இழையா என்ற ஐயம் எழுந்தால், உள்தையல் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தட்டின்மேல் வைத்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி, காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாகும். நம் நாட்டு வெக்கையில் மரத்தடியில் வேலை செய்பவருக்கு எது ஏற்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி அளவுக்கு வருவோம். இதுதான் இப்பாடத்தின் உயிர்நிலை. அளவு நாடாவைக் கொண்டு மகளின் தோளை அளந்தோம். ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து முதுகின் வழியே மறுமுனை வரை பதினான்கரை அங்குலம். கோடிட்ட சட்டையின் தோள், ஒரு கைத்தையலிலிருந்து மறு கைத்தையல் வரை, பதினெட்டு அங்குலம். இளநீலச் சட்டையின் தோள் பதினைந்தரை. நாம் கோடிட்ட சட்டையை ஒதுக்கிவைத்தோம். தாயார் முகம் வாடியது. "துணி அதுதான் நல்லது" என்றார். உண்மைதான். ஆயினும் சட்டையின் மற்ற எப்பகுதியையும் ஓரளவு தையல் தெரிந்தவர் திருத்திவிடலாம். தோளைத் திருத்துவது எளிதன்று. தோளைக் குறைக்க இரு கைகளையும் கழற்ற வேண்டும், கைக்குழியை மறுபடி வெட்ட வேண்டும், கையின் மேல்வளைவையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும், பிறகு சுருக்கம் விழாமல் பொருத்த வேண்டும். கைதேர்ந்த தையற்காரரும் அதற்குக் கேட்கும் கூலி, சட்டையின் விலையைப்போல் பன்மடங்கு ஆகிவிடும். தோள் பொருந்தாத சட்டையில் வேறு எதைத் திருத்தினாலும், அணிந்தவர் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவர்போலவே தோன்றுவார்.

ஆகவே கடையில் நிற்கும்போதே பார்க்க வேண்டியது தோள். துணியின் அழகு, நிறம், முத்திரைப் பெயர் யாவும் அதற்குப் பின்னரே. கடையில் அணிந்து பார்க்க இடமில்லையெனில், வீட்டில் நமக்குச் சரியாகப் பொருந்தும் சட்டையொன்றின் தோளை ஒரு நூலால் அளந்து, இரு முனையிலும் முடிச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்க. அரை அங்குலம் இருபுறமும் கூடினால் பொறுத்துக்கொள்ளலாம். குறைந்தால் வேண்டாம், கையைத் தூக்கும்போது முதுகு இழுக்கும், நாளடைவில் கைக்குழி கிழியும். காற்சட்டை வாங்குவோருக்குத் தோளின் இடத்தில் நிற்பது இருக்கையளவு. இடுப்பைச் சுருக்கலாம், காலைக் குறைக்கலாம், காலின் அகலத்தையும் ஒடுக்கலாம். இருக்கையிலும் தொடையிலும் பிடிப்பாக உள்ளதை மட்டும் வாங்கலாகாது.

இளநீலச் சட்டையை எடுத்துக்கொண்டோம். அதன் மார்புச் சுற்றளவு நாற்பது அங்குலம். மகளின் மார்பளவு முப்பத்து மூன்று. மூச்சுவிடவும் கையசைக்கவும் நான்கைந்து அங்குலம் தளர்ச்சி வேண்டும். ஆக, மார்பில் இரண்டங்குலம் குறைத்தாலே போதுமானது. இங்கே கணக்கில் தவறுவோர் பலர். இரண்டங்குலம் குறைய வேண்டுமென்று ஒவ்வொரு பக்கத் தையலிலும் ஓர் அங்குலம் உள்ளே பிடித்துவிடுவர். பக்கத் தையலில் முன்துணியும் பின்துணியும் சேர்ந்திருப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஒரு பக்கம் அரை அங்குலம் உள்ளே பிடித்தால் அப்பக்கம் ஓர் அங்குலம் குறையும்; இருபக்கமும் சேர்ந்தால் இரண்டங்குலம். மகளின் சட்டையில் அக்குளில் அரை அங்குலம், இடுப்பில் முக்கால் அங்குலம், கீழ் ஓரத்தில் கால் அங்குலம் என்று மெல்லிய வளைவாகக் கோடிட்டோம். அக்குளில் தொடங்கும் கோடு அங்கேயே நின்றுவிடாமல் கையின் அடித்தையலிலும் சற்றுத் தூரம் சென்று பழைய தையலோடு இணைய வேண்டும். இல்லாவிடில் அக்குளில் முடிச்சுப்போல் திரண்டு நிற்கும்.

பின்னர் முதுகில் இரண்டு நெடும்பிடிப்புகள். மெலிந்தவர் பெரிய சட்டை அணிந்தால் முதுகுப்புறம் பலூன்போல் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். முதுகெலும்பிலிருந்து இருபுறமும் மூன்றரை அங்குலம் தள்ளி, தோள்பட்டை எலும்புக்குக் கீழே தொடங்கி, இடுப்பில் அரை அங்குலம் மடிப்பாகி, இடுப்புக்குக் கீழே ஐந்தங்குலத்தில் மீண்டும் ஒன்றுமில்லாமல் முடியும் வகையில் பிடிப்பைத் தைக்க வேண்டும். வடிவில் அது இருமுனையும் கூரான ஒரு மீனை ஒத்திருக்கும். முனைகளில் தையலை முன்னும் பின்னும் ஓட்டிக் கட்டாமல், நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சிடுக. அப்போதுதான் முனை குழியாமல் படியும். இந்த இரண்டு பிடிப்புகளே ஆண்கள் சட்டையைப் பெண்ணுக்குரியதாக மாற்றிவிடுகின்றன.

இவையனைத்தையும் இயந்திரத்தில் தைப்பதற்கு முன் கையால் நூலோட்டித் தற்காலிகத் தையல் போட்டு, அணிந்து, நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளையும் முன்னே நீட்டிப் பார்க்க வேண்டும். நேர்முகத் தேர்வில் நின்றுகொண்டே இருக்கப் போவதில்லையன்றோ! அமரும்போது மார்புப் பொத்தான்களுக்கிடையே துணி வாய் திறந்தால், பிடித்த அளவு மிகுதி என்று பொருள். சிறிதளவே திறக்குமாயின் உட்புறம் ஓர் அழுத்துப் பொத்தானைத் தைத்து மூடிவிடலாம். ஆண்கள் சட்டையில் பொத்தான் வலப்புறமும் பெண்கள் சட்டையில் இடப்புறமும் இருக்குமென்று சிலர் தயங்குவர். நாம் அறிந்தவரை எந்த மேலாளரும் அதைக் கவனிப்பதில்லை. மார்புப் பையை எடுத்துவிடலாமா என்று மகள் கேட்டார். வேண்டாமென்றோம். நெடுநாள் வெயிலில் காய்ந்த சட்டையில் பையை எடுத்தால், அதன்கீழ் இருந்த துணி மட்டும் வெளுக்காமல் கருநிறச் சதுரமாகத் தெரியும். மடித்த ஓரத்தை அவிழ்த்து நீளம் விடும்போதும் பழைய மடிப்பு ஒரு கோடாகத் தெரிவது இவ்வாறே. அந்தக் கோட்டின்மேல் அலங்காரத் தையல் இரண்டு வரி ஓட்டினால் மறைந்துவிடும்.

கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் சிறு துணித் துண்டொன்று தைக்கப்பட்டிருந்தது. ஜப்பானிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. பெயராகவோ சலவைக் குறியாகவோ இருக்கலாம். மகள் தையல் பிரிக்கும் கருவியை வாங்கி, நாம் சொல்லாமலேயே, அதன் தையல்களை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தார். சட்டையைக் கையால் தொட்டது அப்போதுதான்.

ஒதுக்கிவைத்த கோடிட்ட சட்டை வீணாகவில்லை. அது தாயாருக்கு ஆயிற்று. பால் வெட்டும் பெண்கள் கைலிக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை அணிவது நம் தோட்டங்களின் நெடுநாள் வழக்கம். எம் தாயாரும் அவ்வாறே நிரைக்குச் சென்றவர். கொசு, அட்டை, மரத்துத் தூசு, பாலின் கறை ஆகியவற்றிலிருந்து காக்கும் கவசம் அது. வேலைச் சட்டைக்குத் தோள் தாழ்ந்திருந்தால் குற்றமில்லை. மரத்தைச் சுற்றி வெட்டுபவருக்குக் காற்றோட்டமும் கைவீச்சும் முக்கியம். கூட்டாகாதது நீண்ட கை. தோள் ஒன்றரை அங்குலம் கீழே இறங்கினால் கையும் அவ்வளவு நீளும்; விரல்களை மூடி, கத்தி பிடிப்பதற்கே இடையூறாகும். பால் தகடு உருட்டும் இயந்திரத்தருகே நிற்பவருக்கோ தொங்கும் கையும் அவிழ்ந்த ஓரமும் உயிருக்கே கேடாகும். எனவே மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி வெட்டும் தொல்லையின்றி, பட்டைக்கு மூன்றங்குலம் மேலே கையைச் சுற்றி முக்கால் அங்குல மடிப்பொன்றைத் தைத்தோம். ஒன்றரை அங்குலம் குறைந்தது. பட்டையின் பொத்தானை ஓர் அங்குலம் உள்ளே நகர்த்தித் தைத்ததும் மணிக்கட்டில் கொசு நுழைய வழியில்லாமற்போயிற்று.

தாயாரின் இடுப்புச் சுற்று நாற்பத்து மூன்று. சட்டையின் கீழ்ச்சுற்று நாற்பத்திரண்டு. கீழே ஒரு பொத்தானைப் போடாமல் விடுவதே அவர் வழக்கமாம். அதற்குப் பதிலாகப் பக்கத் தையல்களைக் கீழிருந்து ஆறங்குலம் பிரித்து, இருபுறமும் ஓரம் மடித்துத் தைத்தோம். பஞ்சாபி உடையில் உள்ள பக்கத் திறப்பைப் போன்றதே இது. திறப்பின் மேல்முனையில் குறுக்கே பலமுறை ஓட்டி உறுதியாக்காவிட்டால், முதன்முறை குனியும்போதே கிழியும். இடுப்பின் மிக அகன்ற இடத்தில் சட்டையின் ஓரம் முடியலாகாது என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். ஓரம் எங்கே முடிகிறதோ கண் அங்கே நிற்கும். அதற்கு நான்கு விரல் மேலே அல்லது கீழே முடித்தால் அந்த அகலம் கண்ணில் படுவதில்லை. பருத்தவருக்குக் கறுப்புத்தான் ஏற்றது, குள்ளமானவருக்கு நெடுங்கோடுதான் ஏற்றது என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அவற்றில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் தோள் பொருந்தி, கை மணிக்கட்டில் நின்று, ஓரம் உரிய இடத்தில் முடிந்தால், எந்த நிறமும் எவருக்கும் பொருந்தும் என்பதே நம் அனுபவம். உடலில் குறையென்று எதுவுமில்லை.

பாலின் கறையைப் பற்றி ஒரு சொல். ஈரம் காயுமுன் தண்ணீரில் அலசினால் ரப்பர்ப் பால் போய்விடும். உலர்ந்து படலமான பின் எந்தச் சவர்க்காரத்திற்கும் அது அசையாது. ஆகையால் வேலைச் சட்டைக்கென்று ஒன்றை ஒதுக்கிவிட்டால் அதைத் தோட்டத்திற்கு மட்டுமே அணிக.

சிறியதைப் பெரிதாக்க முடியுமா என்று மற்றொரு தாயார் கேட்டார். அவரிடமே விடை இருந்தது. நம் ரவிக்கைகளைத் தைப்போர் பக்கத் தையலின் உள்ளே இரண்டு, மூன்று வரிகள் கூடுதலாகத் தைத்து, துணியையும் விட்டுவைப்பர். உடல் பருக்கும்போது ஒவ்வொரு வரியாகப் பிரித்துக்கொள்வோம். பிள்ளைப் பேற்றுக்குப் பிறகு ரவிக்கையை விட்டுப் போடாத தமிழ்ப் பெண் யார்? ஆலையில் தைத்த சட்டையில் அவ்வாறு துணி விடுவதில்லை. கால் அங்குலமும் தேறாது. ஆண்களின் நல்ல காற்சட்டைகளில் மட்டும் பின்புற நடுத்தையலில் துணி விட்டிருப்பார்கள். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். அது இருந்தால் இடுப்பில் ஒன்றரை அங்குலம்வரை விடலாம். இல்லையெனில் வாங்க வேண்டாம். பெரியதைச் சிறியதாக்குவதே நமக்கு எளிது.

வீட்டில் இயந்திரம் இல்லாதவர் மனந்தளர வேண்டியதில்லை. பக்கத் தையல் இரண்டையும் கையாலேயே பின்னூசித் தையலாகப் போடலாம். மாலை இரண்டில் முடியும். நெருக்கமாகவும் ஒரே சீராகவும் போட்ட பின்னூசித் தையல் இயந்திரத் தையலுக்கு இளைத்ததன்று. தைத்து முடித்த ஒவ்வொரு தையலையும் இஸ்திரிப் பெட்டியால் அழுத்திவிட்ட பிறகே அடுத்ததற்குச் செல்க. தேய்க்காத தையல், எவ்வளவு நேராகத் தைத்தாலும், வீட்டில் தைத்தது என்று காட்டிக்கொள்ளும். மிச்சத் துணியை உடனே வெட்டி எறியாமல் இரண்டு முறை அணிந்து, துவைத்த பின் வெட்டுக.

அன்று மாலை ஏழு மணிக்கு வேலை முடிந்தது. இளநீலச் சட்டையின் பொத்தான்களில் ஒன்று உடைந்திருந்தமையால், பாட்டியார் டின்னிலிருந்து ஒத்த நிறத்தில் ஒன்றைத் தேடித் தைத்தோம். மகள் அதை அணிந்து, அங்கிருந்த சன்னல் கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்தக் கடையில இன்னும் இருக்கா?" என்று கேட்டார். "தோள் அளந்துக்கிட்டுப் போ" என்றார் தாயார்.

பழைய சேலையொன்றிலிருந்து பஞ்சாபி உடை தைக்கும் முறையை அடுத்த திங்கள் காண்போம். ஐந்தரை மீட்டர் சேலையும், அளவு நாடாவும், குண்டூசிகளும் ஆயத்தமாக இருக்கட்டும். சேலையின் மடிப்புகளில் இழை நைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்து இப்போதே பார்த்து வைக்கவும்.